964 மேட்ச் லீவு எடுக்காதவன்: டக் ஜார்விஸுக்கு அது மட்டும் தானா பேரு?

#1 அருமனையான்_டொராண்டோ

மக்களே, ஃபுட்பால் இழையில நடுவுல நடுவுல ஐஸ் ஹாக்கிய கொண்டு போட்டு வெறுப்பேத்துகேன்னு மாடரேட்டர் அண்ணன் ரெண்டு மட்டம் சொல்லியாச்சு. அதுனால தனி இழை. யாரும் வரலேன்னாலும் நான் எனக்க பாட்டுக்கு எழுதுவேன்.

ஆளு டக் ஜார்விஸ். ஒன்டாரியோவுல பிரான்ட்ஃபோர்டுங்குற ஊர்ல 1955ல பொறந்தவன். இஞ்ச ஆபீஸ்ல அந்த ஊர் பேர சொன்னா ஒடனே "கிரெட்ஸ்கி ஊரு"ம்பாவ. செரி தான், வெய்ன் கிரெட்ஸ்கியும் அங்க பொறந்தவன் தான். அவன் 1981-82ல ஒத்த சீசன்ல 92 கோல் அடிச்சான். நம்ம ஜார்விஸ் என்.எச்.எல்.ல, அதாவது வட அமெரிக்காவுக்க பெரிய ஐஸ் ஹாக்கி லீக்ல, களிச்ச மொத்த காலத்துக்கும் சேத்து அடிச்சது 139. அசிஸ்ட் 264. மொத்தம் 403 பாயிண்ட், 964 மேட்ச்.

அந்த 964 தான் வில்லங்கம். 1975 அக்டோபர்ல மொத மேட்ச் எறங்குனவன், 1987 அக்டோபர்ல கடசி மேட்ச் வரைக்கும் ஒண்ணு கூட விடல்ல. அவன் களிச்ச மேட்ச் எல்லாமே தொடர்ச்சி தான். அவனப் பத்தி எவனக் கேட்டாலும், எங்க படிச்சாலும், இந்த ஒத்த வரி தான். அம்பது வயசு தாண்டுன மான்ட்ரியால் ரசிகர் ஒருத்தர்ட்ட பேசுனேன், அவரும் "ஓ, அந்த அயர்ன் மேன்"னு சொல்லிட்டு அடுத்த ஆளப் பத்தி பேசத் தொடங்கிட்டாரு.

எனக்க வாதம் இது தான்: அந்தக் காலத்துல அவனுக்க வேலைய எண்ணுகதுக்கு வழி கெடயாது. எண்ண முடிஞ்சது வருகைய மட்டும். அதுனால வருகைய வச்சே அவன ஞாபகம் வச்சிருக்காவ. அந்த ரெக்கார்டு அவனுக்க களிய மூடிப் போட்டு.

---

#2 கடியப்பட்டணம்_10

12 சீசனுக்கு 139 கோலா? ஃபார்வேடு தானே லேய் இவன்? எங்க ஊர்ல மூணு மேட்ச் கோல் அடிக்கலேன்னா நாலாவது மேட்ச்சுக்கு ஜெர்சிய கழட்டி வாங்கிருவாவ.

964 நாளும் பள்ளிக்கூடம் போனா அட்டெண்டன்ஸ் பிரைஸ் கெடைக்கும். ஃபர்ஸ்ட் ரேங்க் கெடைக்காது.

---

#3 அருமனையான்_டொராண்டோ

அட்டெண்டன்ஸ் பிரைஸும் குடுத்தாவ மக்கா, 1987ல பில் மாஸ்டர்டன் டிராஃபி. விடாமுயற்சி, நல்ல நடத்த, ஆட்டத்து மேல உள்ள அர்ப்பணிப்புக்கு குடுக்கது. ஆனா அதுக்கு மூணு வருஷம் முன்ன, 1984ல, ஃபிராங்க் செல்கி டிராஃபி குடுத்தாவ. அது டிஃபென்ஸ்ல சிறந்த ஃபார்வேடுக்கு உள்ளது. ஆக்கி எழுதுக பத்திரிகைக்காரங்க ஓட்டுப் போட்டு தேர்ந்தெடுக்கது. அத யாரும் சொல்ல மாட்டாவ.

தெரியாதவங்களுக்கு வேகமா சொல்லிருகேன். ஐஸ்ல ஒரு டீமுக்கு ஆறு பேரு. கோலி (கோல் கீப்பர்), ரெண்டு டிஃபென்ஸ், மூணு ஃபார்வேடு. அந்த மூணு பேரச் சேத்து ஒரு லைன்னு சொல்லுவாவ. நாலு லைன் இருக்கும். ஒரு லைன் முக்கா நிமிஷம் போல உயிர விட்டு ஓடிட்டு பெஞ்சுக்கு வந்துரும், அடுத்தது சாடி எறங்கும். களி நிக்காது, ஓடிட்டு இருக்கும்போதே ஆள் மாறும்.

இதுல ஒரு லைனுக்கு உள்ள வேல, எதிராளிக்க ஸ்டார் லைன் எப்பம் எறங்குதோ அப்பம் எறங்கி அவங்கள ஒண்ணும் செய்ய விடாம வைக்கது. செக்கிங் லைன்னு பேரு. களி நின்னு திரும்ப தொடங்கும்போ, சொந்த ஊர் கோச்சுக்கு கடசியா ஆள் மாத்துக உரிம உண்டு. வெளியூர் டீம் யார எறக்குகுன்னு பாத்துட்டு அவரு தனக்க ஆள எறக்கலாம். ஜார்விஸுக்கு கெடச்ச வேல அது. மத்தவன் கோல் அடிக்காம இருக்கது தான் அவனுக்க சம்பளம்.

---

#4 கருங்கல்_ரைட்ஹாஃப்

நான் காலேஜில் ஹாக்கி ஆடியவள். புல் ஹாக்கி, ஐஸ் இல்லை. இந்த வேலை எனக்குப் புரிகிறது.

நம் ஊரில் எல்லாருக்கும் ஹர்மன்பிரீத் டிராக் ஃபிளிக் தெரியும். எதிரணி பெனால்டி கார்னர் எடுக்கும்போது கோல் லைனிலிருந்து முதலில் பாய்ந்து ஓடும் ஆளைத் தெரியுமா? ஃபர்ஸ்ட் ரஷர். பந்து வரும் நேர்கோட்டில் உடம்பைக் கொண்டு நிறுத்த வேண்டும். இந்திய அணியில் அமித் ரோஹிதாஸ் அதைத்தான் செய்துவந்தார். 2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக அவருக்கு சிவப்பு அட்டை. அடுத்த ஆட்டம், ஜெர்மனியோடு அரையிறுதி, அவர் ஆடக்கூடாது என்று தடை. அந்த ஆட்டம் 2-3. அவர் இருந்திருந்தால் ஜெயித்திருப்போம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் பல பேர் அவர் பெயரையே தேடிப் பார்த்தார்கள்.

---

#5 கடியப்பட்டணம்_10

அக்கா, ரோஹிதாஸ் டிஃபெண்டர். டிஃபெண்டர் டிஃபென்ஸ் பண்ணுகது புதினமா? நான் கேக்கது ஃபார்வேடுன்னு பேர் வச்சுட்டு கோல் அடிக்காம சுத்துகவனப் பத்தி.

---

#6 கணக்குப்பிள்ளை_வடசேரி

சண்டைக்கு நடுவே ஒரு கணக்கு. 964 என்ற எண்ணைப் பிரித்துப் பார்த்தேன், சுவாரஸ்யமாக இருக்கிறது.

அன்றைக்கு ஒரு சீசனுக்கு 80 ஆட்டம். மான்ட்ரியாலில் ஏழு சீசன், 560. வாஷிங்டனில் முழுசாக மூன்று சீசன், 240. ஆக 800. 1986-87இல் ஹார்ட்ஃபோர்டில் 80, 1987-88இல் வெறும் 2. கூட்டினால் 882 தான் வருகிறது. மீதி 82 ஆட்டமும் 1985-86 என்ற ஒரே சீசனில்! 80 ஆட்டம் உள்ள சீசனில் ஒருவர் எப்படி 82 ஆடினார்?

அந்த டிசம்பரில் வாஷிங்டன் அவரை ஹார்ட்ஃபோர்டுக்கு மாற்றிவிட்டது. வாஷிங்டன் அதுவரை 25 ஆட்டம் முடித்திருந்தது, அவர் எல்லாவற்றிலும் ஆடியிருந்தார். ஹார்ட்ஃபோர்டு பின்தங்கியிருந்தது, அதற்கு இன்னும் 57 பாக்கி. எல்லாரையும் விட இரண்டு அதிகம். ஊர் மாற, வீடு மாற, புது அணியோடு பழக என்று ஒருநாள் கூட எடுத்துக்கொள்ளவில்லை மனுஷன்.

---

#7 குலசேகரம்_பால்வெட்டு

செம கணக்கு சாரே.

நான் இந்த களிய மூணு வருஷமா பாக்குகேன். கனடாவுல ராத்திரி ஏழு மணி மேட்ச்னா நமக்கு வெளுப்புக்கு அஞ்சர, அங்க நேரம் மாத்துன மாசத்துல நாலர. அப்பா ஹெட்லைட் மாட்டிட்டு ரப்பர் வெட்டப் போக நேரம், நான் மொபைல வச்சிட்டு வராந்தால கெடப்பேன். "இந்த வெளுப்பாங்காலம் எவன்டே ஐஸ்ல வழுக்கி வழுக்கி அடிச்சு சாவுகான்?"னு கேட்டுட்டு போவாரு.

எனக்க கேள்வி: ஜார்விஸ் ரெக்கார்டு இப்பம் இல்லியே? ஃபில் கெஸல் தானே மேல இருக்கான்? 2022 மார்ச்சுல டெட்ராய்ட்ல ஒரு மேட்ச், பொண்டாட்டிக்கு பிரசவம். அவன் எறங்கி ஒத்த ஷிஃப்ட், முப்பது செகண்டு போல, களிச்சிட்டு நேரா பிளேன் ஏறிட்டான். கணக்குல அதுவும் ஒரு மேட்ச். அப்பம் இந்த ரெக்கார்டுக்கு என்ன மதிப்பு?

---

#8 அருமனையான்_டொராண்டோ

பாத்தியளா, இது தான் நான் சொன்னது. ரெக்கார்டப் பத்தி பேச்சு வந்தா களியப் பத்தி பேச்சு நிக்கும். செரி, முடிச்சிருவோம்.

கேரி அங்கர் வச்சிருந்தது 914. ஜார்விஸ் 1986 டிசம்பர் 26ல அத தாண்டுனான். 2022 ஜனவரி 25ல கீத் யேண்டில் ஜார்விஸ தாண்டுனான். அவன் 989ல நிக்கும்போ டீமே அவன கரையில இருத்திப்போட்டு, ஆயிரத்துக்கு பதினொண்ணு கொறவு. அதே வருஷம் அக்டோபர்ல கெஸல் அதயும் தாண்டுனான். யேண்டில் டிஃபென்ஸ்காரன், கெஸல் கோல் அடிக்கவன். கெஸல் பக் (இந்த களியில பந்துக்கு பதிலா உள்ள கட்டி ரப்பர் வில்ல) வந்து மேல விழுகதுக்கு நிக்கவன் இல்ல, அது அவனுக்க வேலையும் இல்ல. ஜார்விஸ் பெனால்டி கில்லர், நம்ம ஆளு ஒருத்தன் தண்டனையில வெளிய இருக்கும்போ கோல் விழாம காக்கவன். ஷாட்டுக்கு முன்ன போய் நிக்கது அவனுக்க தெனசரி வேல. அஞ்சடி ஒம்பதங்குலம் தான் ஆளு.

முடிஞ்ச விதத்தயும் கேளுங்க. காயம் இல்ல, சீக்கு இல்ல. 87 அக்டோபர்ல சீசன் தொடங்கி ரெண்டு மேட்ச் ஆனதும் ஹார்ட்ஃபோர்டுக்காரங்க இனி நீ வேண்டாம்னு சொல்லி, பிங்ஹாம்டன்ல உள்ள கீழ் டீமுக்கு அனுப்பிட்டாவ. பின்ன என்.எச்.எல்.ல அவன் களிக்கவே இல்ல.

---

#9 கடியப்பட்டணம்_10

நான் நேத்து ராத்திரி கொஞ்சம் படிச்சேன், சும்மா பேச வரல்ல.

1976-77 மான்ட்ரியால்: 80 மேட்ச், தோத்தது 8. அடிச்ச கோல் 387, வாங்குனது 171. கோல்ல கென் டிரைடன். பின்னால ராபின்சன், சவார்ட், லபாயிண்ட். முன்னால கை லஃப்ளூர். இந்த டீம்ல எனக்க அம்மாவ எறக்கி இருந்தாலும் ஸ்டான்லி கப்பு, லீகுக்க சாம்பியன் கப்பு, கெடச்சிருக்கும். மான்ட்ரியால் நாலு வருஷம் தொடர்ச்சியா வாங்குன நாலு கப்பயும் அவனுக்க பேர்ல எழுதுகது நியாயமா?

இன்னொண்ணும். அவனுக்க கூட அதே லைன்ல பாப் கேனி இருந்தான். செல்கி டிராஃபி 1978ல தொடங்குனதும் மொத நாலு வருஷமும் அவனுக்கு தான். 79ல பிளேஆஃப் (சீசன் முடிஞ்சு கப்புக்கு நடக்க நாக்-அவுட் சுத்து) சிறந்த ஆட்டக்காரன் விருதும் அவனுக்கு. அப்பம் வேலைய செஞ்சது கேனி. இவன் பக்கத்துல நின்னவன்.

---

#10 அருமனையான்_டொராண்டோ

இது தான் கேள்வி. இதுக்கு தான் இழை தொடங்குனேன். உக்காருங்க, கொஞ்சம் நீளும்.

ஒண்ணாவது, 1976. ஜார்விஸுக்கு மொத வருஷம், 21 வயசு. டொராண்டோ அவன டிராஃப்ட்ல (புதுப் பையன்கள டீம்ங்க வரிசையா தேர்ந்தெடுக்கது) எடுத்துட்டு, ஒரு மேட்ச் கூட எறக்காம மான்ட்ரியாலுக்கு வித்துப் போட்டாவ. பதிலுக்கு வாங்குன ஆளு கிரெக் ஹூபிக். டொராண்டோக்காரன்ட்ட இந்த பேர சொன்னா அவனுக்கே யாருன்னு தெரியாது, நான் கேட்டுப் பாத்துருக்கேன். ஜூனியர்ல கடசி சீசன்ல நூறு பாயிண்டுக்கு மேல அடிச்ச பையன். கோல் அடிக்கத் தெரியாதவன்னு நெனைக்காதீங்க. மான்ட்ரியால் கோச் ஸ்காட்டி போமன்ட்ட அடிக்க ஆள் நெறய இருந்து. அதுனால இவன்ட்ட வேற வேல குடுத்தாரு.

அந்த வருஷ ஃபைனல் ஃபிலடெல்ஃபியா கூட. ரெண்டு வருஷமா கப்ப வச்சிருந்த டீம், அடிதடிக்கு பேர் போனவங்க. அவங்க சென்டர் பாபி கிளார்க் அந்த வருஷம் லீகுக்கே சிறந்த ஆட்டக்காரன். அவனுக்க ரெண்டு பக்கமும் பில் பார்பர், ரெஜி லீச். லீச் அந்த சீசன்ல 61 கோல். இவங்க மூணு பேருக்கும் எதுரா போமன் எறக்குனது ஜார்விஸ், கேனி, ஜிம் ராபர்ட்ஸ். சென்டருக்கு எதுரா சென்டர், அப்பம் கிளார்க்குக்கு எதுரா மொத வருஷப் பையன் தான். ஸ்கோரப் பாருங்க: 4-3, 2-1, 3-2, 5-3. நாலுக்கு சைபர். ஊதித் தள்ளுன மாதிரி தெரியும். ஆனா மூணு மேட்ச் ஒத்த கோல் வித்தியாசம். லஃப்ளூர் எத்தன அடிச்சாலும் எதிர் லைன் கூட ஒண்ணு அடிச்சிருந்தா கத வேற.

ரெண்டாவது, வாஷிங்டன். இத மறந்துட்டு ஜார்விஸப் பத்தி பேசவே கூடாது. 1974ல தொடங்குன டீம். மொத வருஷம் 80 மேட்ச்ல ஜெயிச்சது எட்டு. எட்டு வருஷமா பிளேஆஃப் வாசல்ல கால் வைக்கல்ல. 1982 செப்டம்பர்ல மான்ட்ரியால்ல இருந்து நாலு பேர வாங்குனாவ: ராட் லாங்வே, பிரையன் எங்ப்ளம், கிரெக் லாஃப்ளின், ஜார்விஸ். அந்த சீசனே பிளேஆஃப். அப்புறம் பதினாலு வருஷம் தொடர்ச்சியா பிளேஆஃப்.

லாங்வே தான் பெரிய மீனு, ஒத்துக்கிடுகேன். 83லயும் 84லயும் சிறந்த டிஃபென்ஸ்காரன் விருது வாங்குனான். ஆனா 1983-84ல லீக்லயே கொறவா கோல் வாங்குன டீம் வாஷிங்டன். அதுக்கு உள்ள ஜென்னிங்ஸ் டிராஃபி ரெண்டு கோலிங்களுக்கும் கெடச்சு. கோச்சு பிரையன் மர்ரேக்கும் விருது. அதே வருஷம் செல்கி ஜார்விஸுக்கு. டிரைடன் இல்ல, கேனி இல்ல, லஃப்ளூர் இல்ல. அப்பம் அவன் யாருக்க பக்கத்துல நின்னான்?

---

#11 கடியப்பட்டணம்_10

லாங்வேக்க பக்கத்துல 😄

அது போக, 76 பிளேஆஃப் சிறந்த ஆட்டக்காரன் விருது யாருக்கு? ரெஜி லீச்சுக்கு. தோத்த டீம்ல இருந்துட்டு வாங்குனான், 19 கோல். இவனுவ "அடக்கி வச்ச" ஆளு.

---

#12 தூத்தூர்_ஆறாம்_நம்பர்

நான் ஆக்கி பாக்கல்ல, ஆனா இத வாசிச்சிட்டு கை சும்மா இருக்க மாட்டேங்கு.

நான் களிக்கது டிஃபென்சிவ் மிட்ஃபீல்டு. நம்ம கடக்கரையில தூத்தூர்ல இருந்து நீரோடி வரைக்கும், இந்தப் பக்கம் முட்டம் வரைக்கும், பந்து களிக்காத ஊர் இல்ல. மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைல இருந்து ஐ.எஸ்.எல். வரைக்கும் போனான்னு எல்லாருக்கும் தெரியும். அவன் விங்ல பாஞ்சு போவான், பாக்க அழகு, பிள்ளைய எல்லாம் அவன மாதிரி களிக்கணும்னு நிப்பாவ. அதுல தப்பில்ல. ஆனா ஆறாம் நம்பர் ஜெர்சிய எடுன்னு சொன்னா ஒருத்தனும் கை நீட்ட மாட்டான்.

பத்து வருஷமா ஊர் டோர்னமென்ட் களிக்கேன். பெஸ்ட் பிளேயர் கோப்ப கோல் அடிச்சவனுக்கு, மிஞ்சுனா கோலிக்கு. போன ஈஸ்டர் டோர்னமென்ட்ல எதிர் டீம் பத்தாம் நம்பர தொண்ணூறு நிமிஷமும் திரும்ப விடல்ல. மேட்ச் முடிஞ்சதும் எனக்க ஊர் பெரியவர் ஒருத்தர் வந்து, "இன்னைக்கு நீ களிக்கல்லியா மோனே, காணவே இல்லியே"ன்னு கேட்டாரு. எனக்கு அது பாராட்டு. அவருக்கு அது தெரியாது.

ரியல் மாட்ரிட் 2003ல பெக்காம வாங்கிட்டு, எனக்க எடத்துல களிச்ச மக்கலேலேய செல்சிக்கு வித்துட்டாவ. பின்ன லீக் ஜெயிக்க 2007 ஆச்சு. சாம்பியன்ஸ் லீக் 2014. காரணம் அது மட்டும்னு சொல்ல வரல்ல, அவங்க வேறயும் கூத்து நெறய அடிச்சாவ.

எனக்கு தெரிய வேண்டியது: இந்த ஜார்விஸ் நேர்ல என்ன செஞ்சான்? விருது, வருஷம் எல்லாம் விடுங்க. களத்துல அவனுக்க கையும் காலும் என்ன செய்யும்?

---

#13 அருமனையான்_டொராண்டோ

இது கேள்வி!

ஃபேஸ்-ஆஃப்ல தொடங்குகேன். களி நின்னா திரும்ப தொடங்க ரெண்டு சென்டரும் ஒரு புள்ளிக்கு ரெண்டு பக்கமும் குனிஞ்சு நிப்பாவ. லைன்ஸ்மேன் நடுவுல பக்க போடுவாரு. ஒரு மேட்ச்ல இது அம்பதுக்கு மேல நடக்கும். ஜார்விஸ் இதுல ராசா. அவன் கீழ்க் கைய ஸ்டிக்குல நல்லா தாழ்த்திப் பிடிப்பான், முட்டு மடங்கி மூக்கு ஐஸ தொடுக மாதிரி இருக்கும். கண்ணு எதிராளி மேல இருக்காது, லைன்ஸ்மேன் கை மேல இருக்கும். பக் ஐஸ்ல விழுகதும் ஒரு சொடுக்கு, பின்னால நிக்க டிஃபென்ஸ்காரனுக்கு போயிரும்.

இப்பம் இத டூ மினிட் பெனால்டில வச்சுப் பாருங்க. நம்ம ஆளு ஒருத்தன் தப்பு செஞ்சு வெளிய உக்காந்தாச்சு. அவங்க அஞ்சு, நாம நாலு. ஃபேஸ்-ஆஃப் நம்ம கோலுக்கு பக்கத்துல. நம்ம ஆளு ஜெயிச்சு பின்னால எடுத்தா, டிஃபென்ஸ்காரன் பக்க அந்தக் கோடி வரைக்கும் அடிச்சு விடலாம். சாதாரணமா அப்படி அடிச்சா ஐசிங்னு பிடிப்பாவ, ஆள் கொறவா இருக்கும்போ பிடிக்க மாட்டாவ. அவங்க போய் எடுத்து, திரும்பி, ஒழுங்கா வந்து நிக்கதுக்கு இருவது செகண்டு போயிரும். 120 செகண்டுல இருவது. ஒத்த சொடுக்குல.

தோத்தாலும் வேல முடியாது. தோத்த ஒடனே எதிர் சென்டருக்க ஸ்டிக்குக்கு மேல தனக்க ஸ்டிக்க வச்சு அமுக்குவான், அவன் நகர முடியாது. அந்த ஒரு செகண்டுல கேனி வந்து சேந்துருவான். கேனி பெரிய உடம்பு, விங்ல இடிச்சு நிறுத்துகது அவன். ஆனா யார எந்தப் பக்கம் தள்ளி விட்டா கேனி கையில மாட்டுவான்னு முடிவு பண்ணுகது நடுவுல நிக்க சென்டர். கண்ணு கேனி மேல போகும், அதுனால பேரும் அங்க போச்சு.

இன்னொண்ணு, நான் பழைய வீடியோல திருப்பித் திருப்பி பாக்கது. நம்ம டீம் அட்டாக் போகும்போ ஜார்விஸ் எங்க நிக்கான்னு பாருங்க. மத்த ரெண்டு பேரும் கோல் வாசல்ல. இவன் மூணு எட்டு பின்னால, பாதி திரும்பி. பக் கை மாறுன ஒடனே அவன் ஏற்கனவே நம்ம கோலப் பாத்து ஓடிட்டு இருப்பான். கேமரா அங்க போகவே போகாது. ஓரத்துல ஒரு ஜெர்சி சரசரன்னு பின்னால போகும், அது தான் அவன்.

---

#14 தூத்தூர்_ஆறாம்_நம்பர்

பாதி திரும்பி நிக்கது. அத எனக்கு யாரும் சொல்லித் தரல்ல, செஞ்சு செஞ்சு வந்தது. நம்ம ஆளு தான்.

---

#15 கணக்குப்பிள்ளை_வடசேரி

அருமனையார் முதல் பதிவில் சொன்ன "எண்ண வழியில்லை" என்பதை நான் வழிமொழிகிறேன், ஆதாரத்தோடு.

யார் எத்தனை ஃபேஸ்-ஆஃப் ஜெயித்தார், யார் எத்தனை நிமிடம் ஐஸில் இருந்தார் என்பதையெல்லாம் லீக் முறையாகக் கணக்கெடுத்து வெளியிடத் தொடங்கியது 1997-98 சீசனிலிருந்துதான். ஜார்விஸ் நிறுத்திப் பத்து வருஷம் கழித்து. அவர் ராஜா என்று ஆடியவர்கள் சொல்வார்கள், பார்த்தவர்கள் சொல்வார்கள். சதவீதம் காட்டு என்றால் காட்ட லீக்கின் கையில் ஏடு கிடையாது.

அப்போது இருந்த ஒரே கருவி பிளஸ்-மைனஸ். நீங்கள் ஐஸில் இருக்கும்போது உங்கள் அணி கோல் அடித்தால் கூட்டல் ஒன்று, வாங்கினால் கழித்தல் ஒன்று. இதில் ஒரு கூத்து பாருங்கள். எதிரணிக்கு ஆள் அதிகமாக இருக்கும்போது அவர்கள் அடிக்கும் கோல் இந்தக் கணக்கில் சேராது. சேர்த்தால் பெனால்டி கில்லர்களுக்கு அநியாயம் என்பதால் விட்டுவிட்டார்கள், சரிதான். ஆனால் அந்த இரண்டு நிமிடமும் கோல் விழாமல் காப்பாற்றினாலும் ஒரு கூட்டல் கிடையாது. ஆக அவருடைய முக்கியமான வேலை நேரம், ஜெயித்தாலும் தோற்றாலும், ஏட்டில் சைபர்.

இன்றைக்கு இருந்திருந்தால் அவருடைய ஒவ்வொரு ஷிஃப்டும் எங்கே தொடங்கியது, எதிரே யார் நின்றார்கள் என்று வரைபடம் போட்டிருப்பார்கள். பேட்ரிஸ் பெர்ஜரான் ஆறு செல்கி வாங்கியபோது அவருக்குக் கிடைத்த பேரும் புகழும் அப்படி வந்ததுதான். பெர்ஜரான் கோலும் அடித்தார், அது வேறு.

---

#16 கருங்கல்_ரைட்ஹாஃப்

அந்த "வேறு" தான் முக்கியம் சார். 1994இல் செல்கி வாங்கிய ஃபெடரோவ் அதே வருஷம் லீகின் சிறந்த ஆட்டக்காரரும் கூட. 2000இல் ஐசர்மேன். பிறகு டட்சூக் மூன்று முறை. நட்சத்திரங்கள் டிஃபென்ஸும் நன்றாகச் செய்தால் அவர்களுக்கே கொடுத்துவிடுகிறார்கள். டிஃபென்ஸ் மட்டுமே செய்கிறவனுக்கென்று இருந்த ஒரே பரிசும் கோல் அடிக்கிறவன் வீட்டு அலமாரிக்குப் போய்விட்டது. எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்க மாட்டேன்.

---

#17 குலசேகரம்_பால்வெட்டு

அண்ணே, இந்த மாதிரி ஆளுவ எங்க இருந்து வருகாவ? யாராவது சொல்லிக் குடுக்காவளா?

---

#18 அருமனையான்_டொராண்டோ

நல்ல இடத்துல கேட்ட தம்பி. பீட்டர்பரோன்னு ஒரு ஊரு, டொராண்டோல இருந்து ஒன்றர மணி நேரம் கார்ல. அங்க பீட்டர்பரோ பீட்ஸ்னு ஒரு ஜூனியர் டீம். 1966ல இருந்து பத்து வருஷம் கோச்சா இருந்தது ராஜர் நீல்சன். ஸ்கூல் வாத்தியாரா இருந்த மனுஷன். பின்னாடி என்.எச்.எல்.லயும் கோச் ஆனாரு. வீடியோ போட்டுப் பாத்து களி படிக்கத மொதல்ல கொண்டு வந்தது அவரு தான்.

அவருக்க கையில வளந்தவங்க: பாப் கேனி, 78ல இருந்து நாலு செல்கி. ஜார்விஸ், 84. பஃபலோல களிச்ச கிரெக் ராம்சே, 85. ராம்சேயும் தொடர்ச்சியா 776 மேட்ச் களிச்சவன், பாருங்க. செல்கிக்க மொத எட்டு வருஷத்துல ஆறு ஒத்த கோச்சுக்க பிள்ளையளுக்கு. இரவிபுத்தன்துறையில விங்கர் வருக மாதிரி அங்க செக்கர் வருவான்.

கத அதோட நிக்கல்ல. களி நிறுத்துன ஒடனே ஜார்விஸ் மினசோட்டாவுல துண கோச் ஆனான். அந்த டீம் பின்ன டல்லாஸுக்கு மாறிட்டு. 1999ல டல்லாஸ் கப்பு ஜெயிக்கும்போ ஜெனரல் மானேஜர் யாரு? கேனி. துண கோச் ஜார்விஸ். வயசான கை கார்பனோ மூணு செல்கிக்காரன், அவன் அந்த டீம்ல. ஃபின்லாந்துக்காரன் யேரே லேட்டினென் 98லயும் 99லயும் செல்கி வாங்குனான், அவனும் அந்த டீம்ல. ஒத்த ட்ரெஸ்ஸிங் ரூம்ல இத்தன செல்கி. கோல் அடிக்கதுக்குன்னு பிரெட் ஹல்ல வாங்கி வச்சிருந்தாவ, கடசி கோலும் அவன் தான் அடிச்சான், மூணாவது ஓவர்டைம்ல. அந்த ஃபோட்டோ தான் எல்லா இடத்துலயும்.

2011ல பாஸ்டன் ஜெயிக்கும்போவும் ஜார்விஸ் துண கோச். அந்த டீம்ல யாரு சென்டர்? பெர்ஜரான்.

---

#19 மாடரேட்டர்_தக்கலை

இழை நல்லா போகுது. "எனக்க அம்மா" பதிவை யாரோ புகார் பண்ணியிருக்காங்க, அவர் சொந்த அம்மாவைத்தான் சொன்னார், விட்டுட்டேன். ஃபுட்பால் ஆட்கள் மக்கலேலே பத்தி இங்க எழுதின ரெண்டு பதிவை அந்த இழைக்கு மாத்திட்டேன்.

எனக்கும் ஒரு கேள்வி. இவ்வளவு சொல்றீங்க, இவர் ஹால் ஆஃப் ஃபேம்ல (ஐஸ் ஹாக்கி ஜாம்பவான்களுக்கு உள்ள கௌரவப் பட்டியல்) இருக்காரா?

---

#20 அருமனையான்_டொராண்டோ

இல்ல அண்ணே. கேனி 1992ல போயாச்சு. கார்பனோ களி நிறுத்துனது 2000, உள்ள விட்டது 2019. மூணு செல்கி, மூணு கப்பு வச்சிருந்தவனுக்கே அம்புட்டு வருஷம். லேட்டினெனுக்கும் மூணு செல்கி உண்டு, அவனயும் விடல்ல. ஜார்விஸுக்கு நாலு கப்பு, ஒரு செல்கி.

நான் போகணும்னு தான் சொல்லுவேன். ரெக்கார்டுக்காக இல்ல. ரெக்கார்டுக்காக விட்டா அது இன்னும் மோசம்.

---

#21 கணக்குப்பிள்ளை_வடசேரி

நான் இரண்டு மனசில் இருக்கிறேன். ஒரு செல்கி போதாது என்பது வாதம் ஆகாது. அவருடைய நல்ல காலத்தில் அதே அணியில் கேனி இருந்தார், விருது ஒருவருக்குத்தான் கிடைக்கும். ஆனால் அதே காரணத்தால் அவருடைய பங்கைத் தனியாகப் பிரித்துக் காட்டவும் முடியவில்லை. வாஷிங்டன் மூன்றரை வருஷம்தான் சுத்தமான சாட்சி.

---

#22 தூத்தூர்_ஆறாம்_நம்பர்

அண்ணே, எந்த மேட்ச் பாக்கலாம்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நெட்டு இஞ்ச கணக்கு தான்.

---

#23 அருமனையான்_டொராண்டோ

1975 டிசம்பர் 31. மான்ட்ரியாலும் சோவியத் செம்படை டீமும். யூடியூப்ல முழுசா கெடக்கு. 3-3 டிரா. மான்ட்ரியால் 38 ஷாட், சோவியத் 13. கார்லமோவும் மத்தவனும் உள்ள அந்த டீம மூணு பீரியடுக்கும் சேத்து பதிமூணு ஷாட்ல நிறுத்தி வச்சிருக்காவ. அதுல மூணு கோலாச்சு, டிரைடனுக்கு அன்னைக்கு நாள் செரியில்ல. அந்தப் பக்கம் கோலி டிரெட்டியாக் தான் அவங்கள காப்பாத்துனது. படம் மங்கல் தான், பக்க தேட கஷ்டமா இருக்கும். பக்க தேடாதீங்க, ஆளப் பாருங்க. 21ஆம் நம்பர்.

---

#24 கடியப்பட்டணம்_10

ரெண்டு பீரியடு பாத்தேன். 21 எனக்கு நாலஞ்சு மட்டம் தான் கண்ணுல பட்டான். ஒடனே "அது தான் அவனுக்க வேல"ன்னு சொல்லிராதீங்க, எல்லாத்துக்கும் அந்த ஒத்த பதில் வச்சிருந்தா யார வேணும்னாலும் பெரிய ஆளாக்கிரலாம்.

ஹால் ஆஃப் ஃபேமுக்கு எனக்க ஓட்டு இல்ல. லீச் 19 கோல் அடிச்ச கணக்குக்கு இன்னும் நேரா பதில் வரல்ல, அதுல ஃபைனலுக்கு முன்ன எத்தன, ஃபைனல்ல எத்தன, அதுல ஜார்விஸ் ஐஸ்ல நிக்கும்போ எத்தனன்னு கணக்குப்பிள்ள சார் எடுத்துத் தரட்டும். வாஷிங்டன் காரியம் மட்டும் செரி, அத நான் விட்டுத் தாறேன். மூணாவது பீரியடு நாளைக்கு பாப்பேன்.